பேரு ஒண்ணுதான், எழுத்துதான் மூணு

எங்க கொம்யூன் பக்கம் ஒரு மனுஷனுக்குக் குறைஞ்சது மூணு பேர் இருக்கும். வீட்டில் கூப்பிடுற பேரையும் பட்டப்பேரையும் சொல்லலை. அதைச் சேர்த்தா கணக்கு அஞ்சு ஆறுன்னு போகும். நான் சொல்றது காகிதத்தில் இருக்கிற பேரை. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஒரு எழுத்து, பட்டாவில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. மூணும் ஒரே ஆள்தான்னு ஊருக்குத் தெரியும், ஏரிக்கரை வேப்பமரத்துக்குக்கூடத் தெரியும். ஆனா கவுண்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது.

சென்னை, பெங்களூரு பக்கம் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு இது சின்ன எரிச்சலாத் தோணலாம். காபிக் கடைக் கோப்பையில் பேரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு படம் எடுத்துப் போட்டுச் சிரிச்சிட்டுப் போயிடலாம். எங்க ஊரில் அப்படிச் சிரிக்க முடியாது. ஒரு எழுத்து மாறினா நிலம் கைமாறாது, பென்ஷன் வராது, பிள்ளை விமானம் ஏற முடியாது. இது எப்படி வந்ததுன்னு ரொம்ப நாளா யோசிச்சு, படிச்சு, பெரியவங்களைக் கேட்டுச் சேர்த்ததை இங்கே எழுதுறேன்.

மனுஷங்க பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரைப் பார்த்துடலாம். அதுங்களும் எங்களை மாதிரியே அவதிப்பட்டதுதான்.

பாகூருக்குப் பாகூர்னு பேரே இல்லை, வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாவது ஆட்சியாண்டில் வெட்டின செப்பேடு இந்த ஊரில் கிடைச்சது. ஒன்பதாம் நூற்றாண்டு. இங்கே நடந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது இன்றைய பேச்சில் ஒரு கல்லூரிக்கு, மூணு ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கு. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. பேர்களைப் பாருங்க, எவ்வளவு நீளம்! அந்தச் செப்பேட்டில் ஊர் வாகூர்தான். மூலநாதர் கோயில் சோழர் கல்வெட்டிலும் வாகூர்தான். எப்பவோ ஒரு கட்டத்தில் வகரம் பகரமாச்சு. பிரெஞ்சுக்காரன் அதைக் காதில் வாங்கி 'பஹூர்'னு எழுதினான். இன்னைக்கும் பஸ் பலகையில் ஆங்கிலத்தில் இருக்கிறது அவன் எழுதின அதே எழுத்துதான்.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் மேல போட முடியாது. திருபுவனைன்னு ஒரு ஊர் இருக்கு, மண்ணாடிப்பட்டு கொம்யூன். சோழர் கல்வெட்டில் அதோட பேர் திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலம். ஒரு அரசியோட பேர். அதை மென்னு மென்னு திருபுவனை ஆக்கினது நம்ம நாக்குதான். ஆனா அந்தத் தேய்மானத்தால யாருக்கும் நஷ்டமில்லை, ஏன்னா ஊரே சேர்ந்து தேய்ச்சது. ஆடுதுறை 37-ஐ நாங்க குண்டு நெல்லுன்னு சொல்ற மாதிரி. விதைக் கடையில் குண்டுன்னு கேட்டா சரியான மூட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பான். எல்லாரும் சேர்ந்து மாத்தின பேரில் குழப்பம் வராது. யாரோ ஒருத்தர் ஒரு மேசையில் உட்கார்ந்து தன் காதுக்குக் கேட்டதை எழுதி, இனி இதுதான் சட்டம்னு சொல்லும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்குது.

வில்லியனூருக்கு நடந்தது அதுதான். 1783-இல் பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சாய் ஒப்பந்தம் போட்டாங்க. அமெரிக்கச் சுதந்திரப் போரை முடிச்ச சமாதானத்தோட சேர்ந்தது அது. அதில் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுக்கிறதோட, அதுக்குச் சேர்மானமா ரெண்டு மாவட்டத்தையும் பிரான்சுக்கு வாங்கித் தருவதா இங்கிலாந்து ராஜா ஒத்துக்கிறார். அந்த ரெண்டும் எங்க வில்லியனூரும் பாகூரும்தான். அதில் வில்லியனூரை எழுதியிருக்கிற எழுத்தைப் படிச்சா 'வலனூர்' மாதிரி கேட்கும். பின்னால் வந்த பிரெஞ்சுக் காகிதங்களில் அதுவே 'வில்லெனூர்' ஆச்சு. தேர் ஓடுற ஊர், திருக்காமீஸ்வரர் இருக்கிற ஊர், ரெண்டு ராஜ்யம் கைமாத்திக்கிட்ட ஊர். அதோட பேரை ரெண்டு ராஜ்யத்திலும் ஒருத்தரும் கேட்டுத் தெரிஞ்சுக்கலை.

இதைவிட வேடிக்கை பாகூருக்குத் தெற்கே பெண்ணையாறு தாண்டினா கிடைக்கும். அந்த ஊர் கூடலூர். ஆங்கிலேயன் வாயில் அது 'கடலூர்' மாதிரி ஆச்சு. கடலும் பக்கத்தில் இருக்கவே, நாமளும் சரின்னு கடலூர்னே தமிழில் எழுத ஆரம்பிச்சுட்டோம். தப்பா எழுதின பேர் திரும்பி வந்து சரியான பேரைத் துரத்தி விட்டது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, மனுஷங்க பேருக்கும் இதே கதிதான்.

நாம மட்டும் யோக்கியமான்னு கேட்டா, இல்லை. துய்ப்ளெக்ஸ் கவர்னரை நாம இன்னைக்கும் தூப்ளேன்னுதான் சொல்றோம். பிரெஞ்சுச் சொல் என்றாலே கடைசி எழுத்தை விழுங்கணும்னு நினைச்சு விழுங்கினது. அவங்க ஊரில் கடைசி 'க்ஸ்' ஒலி வரும்படிதான் சொல்றாங்க. 1765-இல் இருந்து 1777 வரை கவர்னரா இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் ஸ்காட்லாந்துப் பூர்வீகக்காரர். அவர் குடும்பப் பேர் 'லா'. பிரெஞ்சுக்காரங்க அதை 'லாஸ்'னு உச்சரிச்சாங்க. அந்தப் பேர்தான் நம்ம லாஸ்பேட்டையில் இருக்கு. கவர்னரா இருந்தவன் பேருக்கே இந்தக் கதி. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. நாம துய்ப்ளெக்ஸைத் தூப்ளேன்னு சொன்னதால அவருக்கு ஒரு காணி நிலமும் போகலை.

இப்போ மனுஷங்க பேருக்கு வருவோம்.

தமிழனுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது. அப்பா பேர் முருகன், பிள்ளை பேர் கந்தன்னா, பிள்ளை மு. கந்தன். கந்தனோட பிள்ளை க. வேலன். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னெழுத்து மாறிக்கிட்டே போகும். சிலர் சாதிப் பட்டத்தைப் பின்னால சேர்த்துப்பாங்க. பட்டம் போட்டுக்க ஊர் விடாத சாதிகளும் இருந்தது. 'சாமி'ன்னு முடியுற பேரை வெச்சா மேல்தெருக்காரங்க அதை அப்படிக் கூப்பிட மாட்டாங்க. முனுசாமி முனியன் ஆயிடுவார், ராமசாமி ராமன் ஆயிடுவார். பேரைத் தப்பாச் சொல்றது எப்பவும் அறியாமையால் மட்டும் நடக்கிறது இல்லை. சில நேரம் அது வேணும்னே செய்றது.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவில் பிரெஞ்சுக்காரன் தன் பதிவேட்டைக் கொண்டு வந்து வெச்சான். 1880-ஆம் வருஷம் ரெண்டு காரியம் நடந்தது. மார்ச் மாசத்து ஆணையால் கொம்யூன்கள் வந்தது. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேர், ஒரு மேரி. அதே வருஷம் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் பதியணும்னு பிரெஞ்சு சிவில் பதிவு முறை உள்ளூர்க்காரங்களுக்கும் விரிஞ்சது. குழந்தை பிறந்தா மேரிக்குப் போய்ச் சொல்லணும். அங்கே இருக்கிற எழுத்தர் கேட்டு எழுதிக்குவார்.

எப்படி எழுதினார்? அதில்தான் விஷயம் இருக்கு. அவர் கன்னாபின்னான்னு எழுதலை. பிரெஞ்சுக் காதுக்கு ஒரு இலக்கணம் உண்டு, அதன்படி எழுதினார். 'உ' ஒலிக்கு அவங்களுக்கு ஓவும் யுவும் சேர்ந்து வரணும். வெறும் யு போட்டா உதட்டைக் குவிச்சு வேற ஒரு ஒலி வரும். ககரத்துக்கு சி. ஜகரத்துக்கு முன்னால ஒரு டி. நடுவில் ஒத்தை எஸ் வந்தா அது வண்டு பறக்கிற மாதிரி ஒலிக்கும், அதனால சாமிக்கு ரெண்டு எஸ். கடைசியில் 'ன்' வந்தா மூக்கில் கரைஞ்சு போயிடும், அது போகாம இருக்கக் கடைசியில் ஒரு இ. ஆக, முருகன் பேரு எம், ஓ, யு, ஆர், ஓ, யு, ஜி, ஏ, என், இ. பத்து எழுத்து. ஒரு பிரெஞ்சுக்காரன்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க, கிட்டத்தட்ட 'முருகன்'னுதான் படிப்பான். ஆங்கில முறையில் எழுதின ஏழு எழுத்தைவிட அவனுக்கு இதுதான் சரி. எழுதினவர் நம்ம பேரைக் கவனமாக் கேட்டிருக்கார், இதை ஒத்துக்கணும்.

ஆனா பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. புரட்சிக் காலத்தில், 1794-இல், ஒரு சட்டம் போட்டாங்க. பிறப்புப் பதிவில் இருக்கிற பேரைத் தவிர வேற பேரை எந்தக் குடிமகனும் வெச்சுக்கக் கூடாது. அதனால மேரி எழுத்தர் அன்னைக்கு எழுதினது எதுவோ அதுதான் ஆள். ஒரு எழுத்தைத் திருத்தணும்னாலும் கோர்ட்டுக்குப் போகணும். பெண்களுக்கும் அதே கதைதான். கல்யாணம் ஆனாலும் பிரெஞ்சுப் பதிவில் அவங்க பிறந்த பேரோடதான் இருப்பாங்க. இந்திய ரேஷன் கார்டில் புருஷன் பேர் பின்னால ஒட்டியிருக்கும். ஒரே பாட்டி, ரெண்டு நாட்டுக் காகிதத்தில் ரெண்டு பொம்பளை.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச பகுதி.

புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல். 1873-இல் அவர் ஐரோப்பியர் மாதிரி சப்பாத்து போட்டுக்கிட்டுக் கோர்ட்டுக்குள்ள போனார். உள்ளூர்க்காரன் அப்படி வரக் கூடாதுன்னு நீதிபதிகள் தண்டிச்சாங்க. அவர் விடலை, பாரீஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டு போய் ஜெயிச்சார். அதுக்கப்புறம் 1881 செப்டம்பர் 21-இல் ஒரு ஆணை வந்தது. விருப்பப்பட்ட இந்தியர்கள் தங்களுடைய சாதி, மத வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். ஒரு தடவை துறந்தா துறந்ததுதான், திரும்ப முடியாது. துறக்கும்போது ஒரு நிபந்தனை, ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பதியணும். பரம்பரைக்கும் அதுதான் பேர்.

யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் பேர்ங்கிறது பிறர் வெச்சது. அப்பன் வெச்சது, சாதி வெச்சது, மேல்தெரு சுருக்கினது, எழுத்தர் கேட்டு எழுதினது. அன்னைக்குத்தான் முதல் தடவையா மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர், "உன் பேர் என்னவா இருக்கணும்?"னு கேட்கிறார். பொன்னுத்தம்பி எடுத்துக்கிட்ட பேர் லாபோர்த். பிரெஞ்சில் அதுக்குக் கதவுன்னு அர்த்தம்.

அவருக்குப் பின்னால கிறித்தவர்களும், சாதியில் ஒடுக்கப்பட்டவங்களும்தான் அதிகமா வந்தாங்க. சாதி இந்துப் பெரிய குடும்பங்கள் வரலை. அவங்க தலைவர் சண்முக வேலாயுத முதலியார் இந்தத் துறப்பைக் கடுமையா எதிர்த்தவர், ரொம்ப காலம் புதுச்சேரி அரசியலைக் கையில் வெச்சிருந்தவர். இதிலும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக் காகிதங்களில் அவர் பேரைத் தேடினா 'ச'வில் தேடக் கூடாது, சி-ஹெச்-இல் தேடணும். 'ஷ' ஒலிக்கு அவங்க எழுத்து அதுதான். பேரை மாத்திக்க மாட்டேன்னு நின்னவர் பேரும் காகிதத்தில் மாறித்தான் போச்சு.

துறந்தவங்களுக்குச் சமத்துவம் உடனே கிடைச்சதான்னா, அதுவும் இல்லை. 1884-இல் ஓட்டர் பட்டியலை மூணாப் பிரிச்சாங்க. ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தவங்க ஒரு பட்டியல், துறக்காதவங்க ஒரு பட்டியல். பிரெஞ்சுப் பேர் வெச்சுக்கிட்டாலும் பிரெஞ்சுக்காரன் பட்டியலில் இடம் இல்லை. இருந்தாலும், துறந்தவங்களோட பேரப்பிள்ளைகள் இன்னைக்கும் அந்தப் பேரோட புதுச்சேரியிலும் பாரீஸிலும் இருக்காங்க. "தமிழனுக்கு ஏன் பிரெஞ்சுப் பேர்?"னு யாராவது நக்கலாக் கேட்டா, அவங்க பாட்டன் ஒரு நாள் தன் பேரைத் தானே சொன்னவன்னு பதில் சொல்லலாம்.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் கப்பல் ஏறிக்கிட்டு இருந்தது. அவங்களைக் கேட்க யாரும் இல்லை. அடிமை முறை 1848-இல் ஒழிஞ்சதும் பிரெஞ்சுத் தீவுகளில் கரும்பு வெட்ட ஆள் இல்லை. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து ஆள் பிடிச்சாங்க. 'ஒரேலி'ங்கிற கப்பல் 1853-இல் மர்த்தினீக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. ரெயூனியன் தீவுக்கும் ஆயிரக்கணக்கில் போனாங்க. எங்க சுத்துவட்டாரத்து ஏரிப் பாசனம் பொய்த்த வருஷங்களில் ஆள் பிடிக்கிறவனுக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்.

அங்கே போனதும், அப்பா பேர் அப்படியே குடும்பப் பேரா உறைஞ்சு போச்சு. முன்னெழுத்து மாறிக்கிட்டே போகிற நம்ம வழக்கம் அங்கே நின்னுடுச்சு. பிள்ளைக்கு ஹென்றி, ஏர்னெஸ்ட்னு பிரெஞ்சுப் பேர் வைப்பாங்க, பின்னால முத்துசாமி நிக்கும். அந்த முத்துசாமியும் எம்-ஓ-யு-ன்னு ஆரம்பிச்சு நடுவில் ரெண்டு எஸ்ஸோட இருக்கும். வீராப்பிள்ளை 'விரபுல்லே' ஆனார். இன்னைக்கு அந்தத் தீவுகளில் தமிழ் பேசத் தெரியாத குடும்பங்களுக்குத் தமிழ்னு மிச்சம் இருக்கிறது பல நேரம் அந்தப் பேர் ஒண்ணுதான். சிதைஞ்ச பேர்தான், ஆனா அதுதான் சாட்சி.

குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஒருத்தர் பேர் ஹென்றி சிதம்பரோம். சிதம்பரம்தான், நம்ம ஊரில் இருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்தில் போற ஊர். தீவிலேயே பிறந்த இந்திய வம்சாவளியினரைப் பிரெஞ்சுக் குடிமக்களா ஏத்துக்காம, ஓட்டர் பட்டியலில் சேர்க்காம வெச்சிருந்தாங்க. அவர் 1904-இல் இதை எதிர்த்து வழக்கில் இறங்கினார். 1923-இல்தான் முடிஞ்சது. பத்தொன்பது வருஷம் ஒரு பட்டியலில் பேர் சேர்க்கிறதுக்காக ஒரு மனுஷன் அலைஞ்சிருக்கார். ஜெயிச்சும் காட்டினார். தன் பேரில் ஒரு எழுத்து கோணலா இருக்கேன்னு அவர் கவலைப்பட்டாரான்னா, அதைவிடப் பெரிய கவலை அவருக்கு இருந்தது. அந்தப் பேர் பட்டியலிலேயே இல்லையேங்கிறது.

ஆங்கிலேயன் கப்பலில் போனவங்களுக்கும் இதேதான். 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸில் இருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அங்கே கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். எங்க பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிற படையாச்சி, தென்னாப்பிரிக்காவில் கடைசியில் ரெண்டு ஈ போட்டு இன்னைக்கும் இருக்கார். இங்கே சாதிப் பட்டமா இருந்தது அங்கே சாதாரணக் குடும்பப் பேர்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு மாறுச்சு. சட்டப்படி இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்குள்ள, வேணுங்கிறவங்க பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்தில் இருந்தது. சிலர் எழுதிக் கொடுத்தாங்க, பெரும்பாலானவங்க கொடுக்கலை. வயலில் நாத்து நட்டுக்கிட்டு இருந்த எத்தனை பேருக்கு அந்த ஆறு மாசம் வந்ததும் போனதும் தெரிஞ்சிருக்கும்!

பிரெஞ்சுக்காரன் போனான், எழுத்து இருந்தது, படிக்கிற காது மாறிப் போச்சு. பத்து எழுத்து முருகனை ஆங்கிலம் படிச்ச எழுத்தர் பார்த்தா 'மௌரௌகேன்'னு கூப்பிடுவார். சுப்புராயன் 'சௌப்ராயென்'. குமார் 'கௌமார்'. ஜெயக்குமார் முன்னாடி ஒரு டி நிக்கிறதால 'ட்ஜீ'ன்னு திக்கி நின்னுடுவார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது வெளியூர் வாத்தியார் கூப்பிட்டா, வகுப்பே திரும்பிப் பார்க்கும், சம்பந்தப்பட்ட பையன் மட்டும் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது தன் பேர்னே தெரியாது.

இதில் பலர் தங்கள் பேரை ஆங்கில முறைக்கு மாத்திக்கிட்டாங்க. பலர் மாத்தலை. பிரெஞ்சு பென்ஷன் வாங்குற சொல்தா குடும்பத்தில் பழைய எழுத்தைத் தொடவே மாட்டாங்க. தொட்டா பிரெஞ்சுப் பதிவோட இருக்கிற கயிறு அறுந்துடும். ஆக ஒரே குடும்பத்தில் அண்ணன் பேரில் பத்து எழுத்து முருகன் தகப்பன், தம்பி பேரில் ஏழு எழுத்து முருகன் தகப்பன். காகிதத்தைப் பார்த்தா ரெண்டு பேரும் ஒரு அப்பனுக்குப் பிறக்கலை.

எங்க வீட்டுக் கதையும் இதுதான். தாத்தா பேர் முருகனுடைய பேர்களில் ஒண்ணு. நோத்தேர் எழுதின பழைய பத்திரத்தில் பிரெஞ்சு எழுத்து. பிறகு வந்த நிலப் பதிவில் தமிழ், அதிலும் ஒரு ழகரம் ளகரமா மாறினது. வாரிசு மாத்தப் போனப்போ ஒரு அலுவலகத்தில், "இவர் வேற ஆளு சார், இவரோட வாரிசைக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. இறந்து நாற்பது வருஷம் ஆன தாத்தா, காகிதத்தில் மூணு பேராப் பிரிஞ்சு மூணு பேருமே எங்களுக்கு உறவில்லாமப் போனார். ரெண்டு பேரும் ஒருவரேன்னு சான்று, நோட்டரி, அஃபிடவிட், பத்திரிகை விளம்பரம். சம்பா நடவில் இருந்து அறுவடை வரைக்கும் அலைஞ்சோம். நெல் விளையற காலமும் ஒரு ழகரம் முளைக்கிற காலமும் ஒண்ணுன்னு அப்போதான் தெரிஞ்சது.

கணினி வந்தா இது தீரும்னு நினைச்சோம். கணினிக்குக் காதே இல்லை. எழுத்தராவது, "ஓ, அந்த ஏரிக்கரை முருகனா?"ன்னு கேட்பார். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், பொருந்தலைன்னா நிறுத்தும். 2019-இல் மத்திய அரசு விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாய், மூணு தவணையா, பேங்க்கில் போடும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆதாரில் இருக்கிற பேரும் விண்ணப்பத்தில் இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். பேர் பொருந்தாததால தவணை நின்னவங்க நாடு முழுக்க உண்டு. எங்க பக்கம் அதில் ஒரு பிரெஞ்சு வாடையும் சேர்ந்துக்கும்.

பாஸ்போர்ட்டில் அடுத்த வம்பு. உலகம் முழுக்க ரெண்டு கட்டம் வெச்சிருக்காங்க, குடும்பப் பேருக்கு ஒண்ணு, சொந்தப் பேருக்கு ஒண்ணு. ஒத்தைப் பேர்க்காரத் தமிழன் ஒரு கட்டத்தைக் காலியா விடுவான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒத்தைப் பேர் மட்டும் இருக்கிறவங்க சுற்றுலா விசாவில் வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளில், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் இருந்தா பரவாயில்லைன்னு தளர்த்தினாங்க. 1881-இல் மேரியில் கேட்ட அதே கேள்விதான், "உன் குடும்பப் பேர் என்ன?" இந்தத் தடவை கேட்டது விமான நிலையக் கவுண்டர். பதில் சொல்ல நேரம்தான் கொடுக்கலை.

பேரைத் திருத்துறதுன்னா எல்லாத்தையும் ஒரே நாளில் திருத்திடலாமான்னும் கேட்கலாம். அரசாங்கங்களும் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கு. பாண்டிச்சேரி, சட்டத்தின் மூலம் 2006 அக்டோபர் 1-இல் புதுச்சேரி ஆச்சு. அது நின்னது, ஏன்னா ஊர்க்காரன் வாயில் அது முன்னாடியே புதுச்சேரியாவும் புதுவையாவும் இருந்தது. 2020-இல் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஒரு அரசாணை வெளியாச்சு. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த எழுத்துகளைப் பார்த்து ஜனங்க சிரிச்சாங்க. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றாங்க. நோக்கம் நல்லதுதான். ஆனா அதுவும் மேசையில் உட்கார்ந்து எழுதினது. ஊர்க்காரனைக் கேட்டு எழுதலை.

இவ்வளவையும் எழுதினப்புறம் எனக்கு நிக்கிற எண்ணம் இது. பேர் மாறுறது பாவம் இல்லை. வாகூர் பாகூர் ஆகலாம், திரிபுவன மாதேவி திருபுவனை ஆகலாம். வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர், எத்திராசலு என்கிற அரங்கசாமி, தானே விரும்பி வாணிதாசன் ஆனார். பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார். மாத்தினது யாருங்கிறதுதான் கேள்வி. தானே மாத்திக்கிட்டா அது சுதந்திரம். ஊர் கூடி மாத்தினா அது வழக்கம். கேட்காம மேசையில் மாத்திட்டு, பிறகு அந்த மாத்தத்துக்கு ஆதாரம் கொண்டு வான்னு நம்மளையே அலையவிட்டா, அதுக்குப் பேர் வேற.

வீட்டில் பழைய காகிதம் இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுச்சேரிக்காரங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான். தாத்தா பாட்டி பேர் எந்தெந்தக் காகிதத்தில் எப்படி இருக்குன்னு ஒரு நோட்டில் எழுதி வைங்க. எழுத்துக்கு எழுத்து அப்படியே, திருத்தாம எழுதுங்க. பக்கத்தில் வருஷம், எந்த ஆவணம்னு போடுங்க. ரசமட்டை பிடிச்ச பத்திரமா இருந்தாலும் படம் எடுத்து வைங்க. வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே, "இவரும் அவரும் ஒருத்தர்தானே?"ன்னு கேட்டு வைங்க. அவங்க போனப்புறம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அஃபிடவிட்தான் இருக்கும்.

கவுண்டருக்கு அந்தப்பக்கம் வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அவங்களுக்கும் ஒண்ணு. எதிரே நிக்கிறவர் பேர் படிக்க விசித்திரமா இருந்தா, ஒரு நிமிஷம் நிறுத்தி, "ஐயா, உங்க பேரை எப்படிச் சொல்லணும்?"னு கேளுங்க. அவர் சொல்றதைக் கேட்டுட்டு எழுத்தைப் பாருங்க. நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு எழுத்தர் ஓவும் யுவும் போட்டுக் கஷ்டப்பட்டு எழுதினது அந்த ஒலியைத்தான்னு அப்போ புரியும். நம்ம ஊரில் நிறைய ஃபைல் அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு.